கான்ட்ராக்ட் மாறினாலும் எங்கள் வேலையும் சம்பளமும் தொடர வேண்டும்: கோரிக்கை மனு

அனுப்புநர்:
விமானப் பராமரிப்பு ஒப்பந்த டெக்னீஷியன்கள்,
மீனம்பாக்கம், சென்னை.

பெறுநர்:
உயர்திரு தொழிலாளர் அதிகாரி அவர்கள்,
சென்னை.

நாள்: மார்ச் 2024

மதிப்பிற்குரிய ஐயா,

வணக்கம். இதே விஷயமாக முன்பு கொடுத்த மனுக்களுக்கு இதுவரை பதில் இல்லை. திரிசூலம் ஸ்டேஷனில் இறங்கி ஷிஃப்டுக்கு ஓடும் எங்களைத் தாங்கள் அறியாதவர் அல்ல.

1. இரவு தங்கும் விமானங்களுக்குச் சக்கரம் மாற்றுவது, பிரேக் தேய்மானம் பார்ப்பது, எஞ்சின் ஆயில் நிரப்புவது எங்கள் வேலை. நிரந்தர டெக்னீஷியனும் இதைத்தான் செய்கிறார். ஒரே வேலைக்கு ஒரே சம்பளம் என்கிறது 1971 ஒப்பந்தத் தொழிலாளர் மத்திய விதிகளின் 25ஆம் விதி. எங்களுக்குக் கிடைப்பதில்லை.

2. எங்களை அதிகம் வதைப்பது கான்ட்ராக்ட் கைமாறும் சமயம்தான். பழைய கான்ட்ராக்டர் பெயரில் உள்ள விமான நிலைய நுழைவு பாஸை ஒப்படைத்துவிட வேண்டும். புதியவர் விண்ணப்பித்து, போலீஸ் சரிபார்ப்பு முடிந்து, விமானப் போக்குவரத்துப் பாதுகாப்பைக் கவனிக்கும் மத்திய அமைப்பான பி.சி.ஏ.எஸ். அனுமதி வரும்வரை கேட்டைத் தாண்ட முடியாது. உள்ளே போகாத நாளுக்குச் சம்பளமும் இல்லை. வீட்டு வாடகை காத்திருக்குமா? போன முறை, ஃபீஸ் கட்டாததால் எங்களில் ஒருவரின் மகளைப் பரீட்சை ஹாலுக்கு வெளியே நிறுத்தினார்கள். சரி, பாஸ் வந்தது என்றால் கூடவே ‘புதிதாகச் சேர்ந்தவர்’ என்று ஒரு நியமனக் கடிதமும் வருகிறது. அதே ஹேங்கர், அதே விமானம், ஆனால் பழைய சர்வீஸ் காணோம். பணிக்கொடைக்கு (கிராஜுவிட்டி) வேண்டிய 5 ஆண்டு சர்வீஸ் எங்களுக்கு எப்போது நிறையும்? கேட்டால் கான்ட்ராக்டர், கான்ட்ராக்ட் கொடுத்த நிறுவனத்தைக் காட்டுகிறார், நிறுவனம் கான்ட்ராக்டரைக் காட்டுகிறது. நாங்கள் யாரைத்தான் கேட்பது ஐயா?

3. பாஸ் இல்லாமல் நாங்கள் வெளியே நிற்கும் நாட்களிலும் விமானங்கள் பறக்கின்றன. உள்ளே இருப்பவர்கள் இரண்டு ஷிஃப்ட் சேர்த்துப் பார்க்கிறார்கள். சக்கரத்தைச் சுற்றிக்கொண்டே ஆக்சில் நட்டை டார்க் ரெஞ்சால் சரியான அளவுக்கு முறுக்க வேண்டும். விடியற்காலையில் கண் சொருகும்போது இதைச் செய்யச் சொல்வது நியாயமா? 2022 ஜூலையில் ஹைதராபாத்திலும் டெல்லியிலும் டெக்னீஷியன்கள் சம்பளம் போதாமல் கூட்டமாக மெடிக்கல் லீவு போட்டதைத் தாங்களும் படித்திருப்பீர்கள். எங்களையும் அங்கே தள்ளாதீர்கள்.

4. நிரந்தரத் தொழிலாளர்களும் இதில் கையெழுத்திட்டிருக்கிறார்கள். போன முறை வசூல் செய்து எங்கள் வீடுகளுக்கு அரிசி வாங்கிக் கொடுத்தவர்கள் அவர்கள்தான்.

இந்த மாதக் கடைசியில் கான்ட்ராக்ட் மறுபடி முடிகிறது. அதற்குள் இரு தரப்பையும் அழைத்துப் பேசுங்கள். ஆளை மாற்றக்கூடாது, பழைய சர்வீஸ் தொடர வேண்டும், பாஸ் வரும்வரை சம்பளம் தர வேண்டும். வேறு எது தள்ளிப்போனாலும் அந்தச் சம்பளத்துக்கு மட்டுமாவது உடனே உத்தரவிடுங்கள் ஐயா. பேச்சுவார்த்தைக்கு ஒரு தேதி குறித்துப் பதில் அனுப்புமாறு மீண்டும் கேட்டுக்கொள்கிறோம்.

இப்படிக்கு,
ஒப்பந்த, நிரந்தர டெக்னீஷியன்கள்
(கையெழுத்துகள் இணைப்பில்)