ஃபுளோரினுக்கு ஏன் முதலிடம் இல்லை?

ஆசிரியருக்கு வணக்கம்.

தங்கள் நாளிதழின் மாணவர் பக்கத்தில் பிளஸ் ஒன் வேதியியலுக்காக அண்மையில் வெளியான குறிப்பில், எலக்ட்ரானைத் தம்பால் இழுக்கும் தொகுதிகளின் தூண்டல் விளைவு வரிசை, அதாவது ஒற்றைப் பிணைப்புகளின் வழியே அவை இழுக்கும் வலிமையின் வரிசை, தரப்பட்டிருந்தது. அதில் ஃபுளோரின் முதலிலும் சயனோ (CN), நைட்ரோ (NO₂) தொகுதிகள் அதற்குப் பின்னும் இருந்தன. தனிமங்களிலேயே எலக்ட்ரான் கவர்தன்மை மிகுந்தது ஃபுளோரின் என்பது காரணமாகச் சொல்லப்பட்டிருந்தது. அந்தக் கூற்று சரி, வரிசை தவறு.

ஒரு தொகுதி எவ்வளவு இழுக்கிறது என்பதை அமிலத்தின் வலிமையைக் கொண்டு அளந்துவிடலாம். அசிட்டிக் அமிலத்தின் மெத்தில் தொகுதியிலுள்ள ஒரு ஹைட்ரஜனுக்குப் பதிலாக வேறொரு தொகுதியை வைத்தால், அது சிக்மா எனப்படும் ஒற்றைப் பிணைப்புகளின் வழியே எலக்ட்ரான் அடர்த்தியை இழுத்து, புரோட்டான் பிரிந்தபின் மிஞ்சும் அயனியின் எதிர்மின்சுமையைத் தணிக்கும். அயனி நிலைப்புறும் அளவுக்கு அமிலம் வலுத்து, அமில வலிமையைக் குறிக்கும் பிகேஏ (pKa) மதிப்பு இறங்கும். அசிட்டிக் அமிலத்துக்கு இம்மதிப்பு 4.76. அயோடின் சேர்ந்தால் 3.18, புரோமின் 2.90, குளோரின் 2.86, ஃபுளோரின் 2.59. இதுவரை குறிப்பெழுதியவர் பக்கம்தான் நியாயம். ஆனால் சயனோ தொகுதி சேர்ந்தால் 2.46, நைட்ரோ சேர்ந்தால் ஏறத்தாழ 1.7. இது மடக்கை அளவு என்பதால் ஓர் அலகு இறங்கினாலே அமிலம் பத்து மடங்கு வலுத்ததாகப் பொருள்.

பல ஆண்டுகளுக்கு முன் வகுப்பில் ஒரு மாணவி, “நைட்ரஜனுக்கு ஃபுளோரினைவிடக் கவர்தன்மை குறைவுதானே சார்?” என்று என்னை மடக்கினாள். கரும்பலகையில் நைட்ரோ தொகுதியின் லூயிஸ் அமைப்பை, அதாவது பிணைப்புகளையும் மின்சுமைகளையும் காட்டும் படத்தை, வரையச் சொன்னேன். இரண்டு ஆக்சிஜன்களையும் இணைத்துவிட்டு, நைட்ரஜனின் தலையில் கூட்டல் குறியைப் போட்டதும் சாக்பீஸை வைத்துவிட்டுச் சிரித்துவிட்டாள். நேர்மின்சுமை ஏறிய நைட்ரஜன், நடுநிலையான ஃபுளோரினைவிட வலுவாக இழுப்பதில் வியப்பில்லை. சயனோவிலும் நைட்ரஜனோடு முப்பிணைப்பில் இருக்கும் கார்பன், எஸ்பி (sp) இனக்கலப்பு கொண்டது, அதாவது பிணைப்பு எலக்ட்ரான்களைத் தன் கருவுக்கு நெருக்கமாக இழுத்துவைப்பது. எலக்ட்ரானுக்கு ஏங்கி நிற்பது. ஆக, ஒப்பிட வேண்டியது தொகுதி முழுவதையும். முதல் அணுவை மட்டும் பார்த்தால் இப்படித்தான் சறுக்கும்.

தூரத்தைப் பற்றியும் குறிப்பு மௌனம் சாதிக்கிறது. பியூட்டனாயிக் அமிலத்தின் மதிப்பு 4.82. குளோரின் இரண்டாம் கார்பனில் இருந்தால் 2.86, மூன்றாவதில் 4.05, நான்காவதில் 4.52. இரண்டு கார்பன் தள்ளி நின்றதும் அதே குளோரினின் செல்வாக்கு ஏறக்குறைய கரைந்துவிடுகிறது.

இன்னொரு பிழை, பென்சாயிக் அமிலத்தில் பாரா இடத்திலுள்ள (வளையத்தில் அமிலத் தொகுதிக்கு நேரெதிரே உள்ள) மெத்தாக்சி (OCH₃) தொகுதியைத் தூண்டல் விளைவுக்கு உதாரணமாகக் காட்டி, அது எலக்ட்ரானை வழங்கும் தொகுதி என்று எழுதியிருப்பது. பென்சாயிக் அமிலத்துக்கு 4.20, மெத்தாக்சி பாராவில் இருந்தால் 4.47, மெட்டாவில் (நேரெதிர் இடத்துக்கு அடுத்த இடத்தில்) இருந்தால் 4.09. தூண்டல் விளைவால் அது இழுக்கவே செய்கிறது; பாராவில் உடனிசைவு விளைவு, அதாவது வளையத்தின் இரட்டைப் பிணைப்புகள் வழியே எலக்ட்ரானை வழங்குவது, அதை மிஞ்சிவிடுகிறது. இரண்டையும் ஒன்றாகப் போட்டுக் குழப்பினால் மாணவர்கள் எந்த வரிசையையும் நம்பமாட்டார்கள்.

திருத்தம் வெளியிடும்போது வரிசையை மட்டும் மாற்றாமல் இந்த எண்களையும் சேர்த்து அச்சிட வேண்டுகிறேன். அந்தப் பக்கத்தைக் கத்தரித்து நோட்டில் ஒட்டிவைத்திருக்கும் பிள்ளைகளை நானே பார்த்தேன்.

இப்படிக்கு,
ஓய்வுபெற்ற முதுகலை வேதியியல் ஆசிரியர்,
தஞ்சாவூர்.