நீதிமன்றம் கேட்பது ஒன்று, சான்று சொல்வது வேறொன்று

ஆசிரியர் அவர்களுக்கு,

கொலை வழக்கில் கைதானவருக்கு மனநலம் சரியில்லை என்று மனு போட்டால் நீதிமன்றம் மருத்துவரின் கருத்தைக் கேட்கிறது. பல சமயம் திரும்பிப் போவது ஒற்றை வரிதான்: 'தற்போது மனநிலை சீராக உள்ளது.' கேட்கப்பட்டது எந்தக் கேள்வி என்று பார்க்காமல் எழுதிய வரி இது.

கேள்விகள் இரண்டு. குற்றச்சாட்டைப் புரிந்துகொண்டு, வக்கீலிடம் தன் தரப்பைச் சொல்லி, வழக்கை இப்போது நடத்த இவரால் முடியுமா என்பது ஒன்று. குற்றவியல் நடைமுறைச் சட்டமான பாரதிய நாகரிக் சுரக்ஷா சன்ஹிதாவின் 367, 368 பிரிவுகள் அதற்கானவை. செய்வது என்ன என்றோ, அது தவறு என்றோ சம்பவ நேரத்தில் அறிய முடியாத நிலையில் இருந்தாரா என்பது மற்றது. அதற்குத் தண்டனைச் சட்டமான பாரதிய நியாய சன்ஹிதாவின் 22-வது பிரிவு, பழைய இந்திய தண்டனைச் சட்டத்தில் 84-வது பிரிவு. ஆறு மாதம் மாத்திரை சாப்பிட்டுத் தெளிந்தவரை இன்றைக்கு எவ்வளவு நேரம் பரிசோதித்தாலும் இரண்டாவது கேள்விக்கு விடை வராது. சம்பவத்துக்கு முன்னும், அப்போதும், பின்னும் அவர் நடந்துகொண்ட விதத்தைப் பார்க்கச் சொல்லி 1964-லேயே உச்ச நீதிமன்றம் தீர்ப்பளித்திருக்கிறது. ஆகவே பழைய மருந்துச் சீட்டு, அக்கம்பக்கத்தார் வாக்குமூலம், எல்லாவற்றுக்கும் மேலாகச் சிறைக்குள் வந்த அன்றைய மருத்துவக் குறிப்பு, இவற்றைக் கேட்டு வாங்க வேண்டும். உள்ளே வந்த மூன்றாம் நாள் கைநடுங்கி, இல்லாத உருவங்களைக் கண்டு அலறினால் அது குடி திடீரென நின்றதால் வந்த குழப்பமாக இருக்கலாம். அதை வைத்துச் சம்பவ நாளிலும் புத்தி பிசகியிருந்தது என்று எழுதினால் குறுக்கு விசாரணையில் நிற்காது.

நம் நெல்லைப் பக்கத்துப் பேச்சு தெரியாதவருக்கு இன்னொரு சிக்கல். 'அவனுக்குக் கோட்டி (பைத்தியம்) புடிச்சிருக்கு' என்று தாய் சொன்னால் அது கோபமாகவும் இருக்கலாம், குடியாகவும் இருக்கலாம், நிஜமான மனச்சிதைவாகவும் இருக்கலாம். தூங்கினானா, சாப்பிட்டானா, தனியே பேசினானா, எந்த மாதத்திலிருந்து என்று பிரித்துக் கேட்க வேண்டும். கோயில் கொடை விழாவில் சாமியாடுவது நோயல்ல. 'செய்வினை வச்சுட்டாவ' என்பது ஊரே நம்புவது. அதை மட்டும் வைத்துப் பிறழ்நம்பிக்கை, அதாவது நோயால் வந்த பொய்யான உறுதி நம்பிக்கை, என்று எழுதிவிடக் கூடாது. 'வச்சவன் என் மண்டைக்குள்ள இருந்து பேசுதான்' என்று சொல்லி, வீட்டாரே அதை நம்பாமல் விழித்தால் சங்கதி வேறு.

நடிக்கிறாரா என்று ஒரு சந்திப்பில் முடிவுகட்டுவதும் தவறு. காதில் குரல் கேட்பவருக்குப் பெரும்பாலும் அது விட்டுவிட்டு வரும். ரேடியோ போடுவது, எழுந்து நடப்பது என்று அதை அடக்க ஏதாவது வழி வைத்திருப்பார். இடைவிடாமல் கேட்கிறது, எதுவும் செய்வதில்லை என்பவரை வார்டில் வைத்து இரவு நர்ஸ் குறிப்போடு ஒப்பிட வேண்டும். நோயும் நடிப்பும் ஒரே ஆளிடம் இருக்கலாம் என்பது பலருக்கும் மறந்துபோகிறது.

பேச்சைத் தொடங்குமுன், 'வைத்தியம் பாக்க வரல, நீங்க சொல்றது கோர்ட்டுக்குப் போகும்' என்று சொல்லி, புரிந்ததை அவர் வாயாலேயே திருப்பிச் சொல்ல வைத்துப் பதிய வேண்டும். முடிந்தவரை சிகிச்சை தருபவரே மதிப்பீட்டாளராக இருக்கக் கூடாது. நோயாளிக்காகப் பேசும் பழக்கம் அறிக்கையிலும் வந்துவிடும்.

மத்திய சிறையும் ஹைகிரவுண்ட் மருத்துவக் கல்லூரி மருத்துவமனையும் பாளையங்கோட்டையிலேயே இருக்கின்றன, நீதிமன்றமும் தூரமில்லை. அபிஷேகப்பட்டி மனோன்மணியம் சுந்தரனார் பல்கலைக்கழகத்தில் குற்றவியல் துறை உண்டு. இத்தகைய அறிக்கை எழுதும் மருத்துவர்களுக்கு இவர்கள் சேர்ந்து பயிற்சி நடத்தினால் இரண்டு நாள் உரையும் பிரியாணியுமாக அது முடிந்துவிடக் கூடாது. பெயர் நீக்கிய பழைய வழக்குக் கட்டுகள் ஐந்தை ஆளுக்குக் கொடுத்து அறிக்கை எழுத வைத்து, பார்த்தது எது, ஊகித்தது எது, கருத்து எது என்று மூத்தவர்கள் சிவப்பு மையால் பிரித்துக் காட்ட வேண்டும். பிறகு அனுபவமுள்ள ஒரு வக்கீலை வைத்து அரை நாள் குறுக்கு விசாரணை. 'எத்தனை நிமிடம் பார்த்தீர்கள் டாக்டர்?' என்று அவர் தொடங்கட்டும்.

இப்படிக்கு,
மனநல மருத்துவர் ஒருவர்,
பாளையங்கோட்டை