பின்சீட்டில் இருப்பவரின் காதையும் நினைக்க வேண்டும்

ஆசிரியர் அவர்களுக்கு,

வணக்கம். பெரிய சைலன்சர் பூட்டிய கார்கள் இரவில் நகருக்குள் போடும் சத்தத்தைப் பற்றி ஹட்டன் வாசகர் ஒருவர் உங்கள் பத்திரிகையில் எழுதியிருந்தார். அவர் சொன்னது அத்தனையும் உண்மை. வீதியோரத்தில் குடியிருப்பவர்களின் கஷ்டத்தை அவர் எழுதிவிட்டார். அதே காருக்குள் உட்கார்ந்து வருபவர்கள் படும் பாட்டை நான் எழுத வேண்டும். தலவாக்கலையில் 18 வருடமாக ஹயர், அதாவது வாடகைக் கார், ஓடுகிறேன்.

என்னுடையது கொரோலா 121, மெனுவல் கியர். நான் வாங்கும்போதே அதில் கம்பனி சைலன்சர் இல்லை. முன்பு வைத்திருந்தவர் வாய் அகன்ற வெளிச் சாமான் ஒன்றைப் பூட்டியிருந்தார். அவரைக் குறை சொல்ல மனம் வரவில்லை. 2020 மார்ச்சில் நின்ற வாகன இறக்குமதி, கார்களுக்கு 2025 பெப்ரவரியில்தான் திறந்தது. அதுவரை எல்லோரும் பழைய வண்டிகளைத்தான் ஒட்டிப் பூசி ஓட்டினோம். வட்டவளை மழையில் தினம் நனைகிற சைலன்சர் எத்தனை நாளைக்குத் தாங்கும்? துருப்பிடித்து ஓட்டை விழுந்தால் கையில் கிடைத்ததைத்தானே பூட்டுவார்கள்.

கண்டியில் கண் கிளினிக் போன பெரியம்மா ஒருவரைத் திருப்பிக் கூட்டிக்கொண்டு வந்த நாளில்தான் எனக்கு விஷயம் உறைத்தது. நாவலப்பிட்டியிலிருந்து கினிகத்தனை வரை பேசிக்கொண்டே வந்தவர், ஏற்றம் தொடங்கியதும் பேச்சை நிறுத்திவிட்டார். கண்ணாடியில் பார்த்தேன். முந்தானையைச் சுருட்டி இரண்டு காதிலும் அழுத்திப் பிடித்திருந்தார். "தம்பி, கொஞ்சம் நிப்பாட்டுறீங்களா? காதுக்குள்ள வண்டு பூந்த மாதிரி இருக்கு, தலை சுத்துது" என்றார். வட்டவளையில் நிறுத்தி, பிளேன்டீ வாங்கிக் கொடுத்து, அரை மணி நேரம் கழித்துத்தான் புறப்பட்டோம். எனக்கோ அந்தச் சத்தம் அவ்வளவு பெரிதாகத் தெரிந்ததே இல்லை.

அடுத்த வாரம் தரை, டிக்கி, நான்கு கதவு எல்லாவற்றுக்கும் தார் மாதிரியான சத்தம் தடுக்கும் ஷீட் ஒட்டினேன். 40 ஆயிரத்துக்கு மேல் போனது. மழைச் சத்தம் குறைந்தது, கதவு சாத்தும்போது நல்ல கனமாகக் கேட்டது. ஆனால் அந்த 'ம்ம்ம்' என்ற முழக்கம் அப்படியே இருந்தது. அந்த ஷீட் தகரம் அதிர்வதைத்தான் அடக்கும், இவ்வளவு தாழ்ந்த முழக்கத்தை அது பெரிதாக மறிக்காது என்று பிறகுதான் தெரிந்துகொண்டேன். இந்தப் பணத்தை வேறு யாரும் வீணாக்கக் கூடாது என்பதற்காகவே இவ்வளவு விவரமாக எழுதுகிறேன்.

அப்புறம் ஹட்டனில் கார் திருத்தும் வயதான பாஸ் ஒருவரிடம் காட்டினேன். அவர் முதலில் என்னைப் பின்சீட்டில் உட்காரவைத்துத் தானே ஓட்டினார். இரண்டாம் கியரில் 37 கிலோமீற்றர் வேகத்தில் முழங்கியது. மூன்றாம் கியரில் 50ஐத் தாண்டியதும் அதே முழக்கம். வேகம் வேறு, ஆனால் இஞ்சின் நிமிடத்துக்கு எத்தனை தடவை சுற்றுகிறது என்று காட்டும் மீற்றர் முள் இரண்டு தடவையும் 2500இல் நின்றது. "ரோதையிலோ பெயாரிங்கிலோ குறை என்றால் வேகத்தோடு போகும். இது இஞ்சின் சுற்றோடு போகிறது, அப்படியென்றால் சைலன்சர்தான்" என்றார்.

பௌதிகவியல் படித்த அவருடைய மகன் காரணத்தையும் சொன்னார். நான்கு சிலிண்டர் இஞ்சின் ஒரு சுற்றுக்கு இரண்டு தடவை வெடிக்கிறது. நிமிடத்துக்கு 2500 சுற்று என்றால் அது ஒரு நொடிக்கு 83 தடவை. அந்த ஒலியின் ஓர் அலை காற்றில் 4 மீற்றரளவு நீளம். கார் உட்பகுதியின் நீளமோ கிட்டத்தட்ட அதில் பாதி. வெறும் போத்தலின் வாயில் ஊதினால் முழங்குமே, அதே போலக் கார் முழுவதும் முழங்குகிறது. அந்த முழக்கம் முன்பக்கமும் பின்பக்கமும் பலமாக இருக்கும், நடுவில் அடங்கியிருக்கும். சாரதியின் தலை நடுப்பக்கமாக இருக்கிறது, பின்சீட்டுக்காரரின் தலை பின்கண்ணாடியோடு இருக்கிறது. இதைக் கேட்டதும் பெரியம்மாவின் முந்தானைதான் நினைவுக்கு வந்தது.

காரைத் தூக்கிப் பார்த்தால், நடுக் குழாயில் இருந்து முழக்கத்தை அடக்க வேண்டிய சிறிய பெட்டியை, பாஸ்மார் ரெசனேட்டர் என்று சொல்வதை, வெட்டியெடுத்துவிட்டு நேர்க் குழாயை ஒட்டியிருந்தார்கள். பின்னால் தொங்கும் ரப்பர் ஒன்று கல்லாக இறுகியிருந்தது. குழாய் உரசி உரசி, அடித் தகரத்தில் ஐந்து ரூபாய்க் குற்றியளவு இடம் வெள்ளியாய் மின்னியது. ரப்பரை மாற்றி, என் காருக்குரியது கிடைக்காததால் வேறு ரெசனேட்டர் ஒன்று தேடிப் போட்டதில் முக்கால்வாசி அடங்கியது. மிச்சத்துக்கு, ஒரு பக்கம் அடைத்த குழாய் ஒன்றை, ஒரு மீற்றருக்குச் சற்றுக் கூடுதலான நீளத்தில், பிரதான குழாயின் பக்கத்தில் ஒட்டினார். அதற்குள் போய் முட்டித் திரும்பும் அலை, வருகிற அலையோடு எதிராக மோதி அதை அடக்கிவிடும். நீளம் பிழைத்தால் பலன் இல்லை. முழக்கம் வரும் சுற்றைக் குறித்துக்கொண்டு போய்க் கொடுங்கள்.

இன்னொன்று, இதுதான் எனக்குப் பயம் தந்தது. குழாய் மூட்டு ஒன்றில் கரி படிந்திருந்தது, அதாவது அங்கே புகை கசிந்திருக்கிறது. பனிக்கும் குளிருக்கும் கண்ணாடியை ஏற்றிக்கொண்டு ஓடும் ஊர் இது. காபன் மொனொக்சைட்டுக்கு நிறமும் இல்லை, மணமும் இல்லை. பயணிக்குத் தலைவலி, மயக்கம் என்றால் வளைவு நெளிவுதான் காரணம் என்று விட்டுவிடாமல் மூட்டுகளைப் பாருங்கள். வருடாந்தப் புகைப் பரிசோதனையில் பாஸாகிவிட்டது என்று இருந்துவிடாதீர்கள். அங்கே பின்குழாயில் வரும் புகையைத்தான் அளக்கிறார்கள்.

ஹயர் ஓடும் சகோதரர்களிடம் நான் கேட்பது, ஒருநாள் வேறு ஒருவரை ஓட்டச் சொல்லிவிட்டு, கினிகத்தனையிலிருந்து ஹட்டன் வரை பின்சீட்டில் உட்கார்ந்து வாருங்கள். பாஸ்மாரிடமும் ஒரு வேண்டுகோள். வெட்டியெடுக்கும் நடுப்பெட்டியைப் பழைய இரும்புக்குப் போடாமல் வண்டிக்காரர் கையிலேயே கொடுத்துவிடுங்கள். என் காருக்குரியதை எங்கே தேடியும் கிடைக்கவில்லை.

இப்படிக்கு,
ஹயர் சாரதி ஒருவர்,
தலவாக்கலை.