மேடு இல்லாத ஊருக்குப் போன தம்பிக்கு

அன்புள்ள தம்பி,

சென்னைக்குப் போன மூன்றாவது வாரமே, "அண்ணா, எனக்கு ஓட்டமே மறந்துவிட்டது" என்று புலம்புகிறாய். கிருஷ்ணகிரி அணைவரை ஓடிவிட்டு வந்து பழையசோறு கேட்டவன், பெசன்ட் நகர் கடற்கரையில் 5 கிலோமீட்டருக்கே இடுப்பில் கைவைத்து நிற்கிறாயாம். உன் காலில் ஒரு குறையும் இல்லை. அங்கே ஆறு வருடம் ஓடிச் சீரழிந்தவன் சொல்கிறேன், கேள்.

நம் ஊரில் சித்திரையிலும் விடிகாலை வேர்வை சீக்கிரம் காய்ந்துவிடும். காயும்போதுதான் உடம்பு குளிர்கிறது. கடலோரத்தில் காற்றே ஈரத்தில் ஊறிக் கிடப்பதால் வேர்வை காயாமல் சொட்டிப் போகிறது. சூடு தணியாததால் இதயம் தோலுக்கும் காலுக்கும் ஒரே நேரத்தில் இரத்தம் அனுப்பிக் களைக்கிறது. உடம்பு பழக இரண்டு வாரமாவது மெதுவாக ஓட வேண்டும். நீயோ முதல் நாளே அணைச்சாலை வேகத்தில் பறந்திருப்பாய். கைக்கடிகாரத்தைக் கழற்றி வை. ஓடி முடித்ததும் உப்புப் போட்ட மோர் குடி.

சைக்கிள் கதை வேறு. இங்கே ராயக்கோட்டைச் சாலையில் மூச்சுவாங்க ஏறினால், திரும்பும்போது இறக்கம் நம்மைக் கொண்டுவந்து சேர்க்கும். கிழக்குக் கடற்கரைச் சாலையில் மேடு கிடையாது, காற்றுதான் மேடு. ஐப்பசி, கார்த்திகையில் வாடை வடகிழக்கிலிருந்து வீசும். தெற்கே போகிறவனை முதுகில் கைவைத்துத் தள்ளும். அப்படித்தான் ஒருநாள் முட்டுக்காட்டுப் பாலத்தில் என்னை நானே மெச்சிக்கொண்டேன். கோவளத்தில் டீ குடித்துவிட்டுத் திரும்பினேன். திருவான்மியூர் வருவதற்குள் மெச்சியதெல்லாம் திரும்பப் பெற்றாகிவிட்டது. அந்த மாதங்களில் முதலில் வடக்கே மெரினா பக்கம் போ, வரும்போது காற்று உதவும்.

மழை பெய்த மறுநாள் தேங்கிய தண்ணீருக்குள் சைக்கிளை விடாதே. அடியில் பள்ளமா, மூடியில்லாத வடிகாலா என்பது விழுந்தபிறகுதான் தெரியும். என் முழங்கைத் தழும்பு மாமரத்திலிருந்து விழுந்தது என்று அம்மாவிடம் சொன்னது பொய்.

கத்திரி வெயிலில் கடற்காற்று நண்பகலை ஒட்டித்தான் கரையேறும். அதை நம்பி ஏழு மணிக்குப் புறப்படாதே, நாலரைக்கே கிளம்பு.

தை, மாசிதான் ஓடுவதற்குச் சுகமான காலம். இங்கே மா பூக்கும்போது அங்கே பங்குனி ஆமைகள் முட்டையிடக் கரையேறும். பிறகு குஞ்சுகள் பொரிந்து, வெளிச்சத்தைத் தேடிக் கடலுக்குப் போகும். கரையில் விளக்கு எரிந்தால் திசைமாறிச் சாலைப் பக்கம் வந்துவிடும். இருட்டில் மணலில் ஓடினால் தலைவிளக்கை அணைத்துவிடு.

இன்னொன்று. உப்புக்காற்று சங்கிலியைத் தின்றுவிடும். ஓட்டிவந்த அன்றே துடைத்து எண்ணெய் போடு. நீ கொண்டுபோயிருப்பது என் சைக்கிள். பொங்கலுக்கு வரும்போது அதையும் கொண்டு வா, சங்கிலியைப் பார்க்க வேண்டும்.

அன்புடன்,
அண்ணன்,
கிருஷ்ணகிரி