காப்புரிமை வழக்கில் டேனரிக்காரரையும் கேளுங்கள்

ஆசிரியருக்கு வணக்கம்.

கழிவிலிருந்து ரசாயனத்தை மீட்கும் ஒரு முறைக்கு, 'இது யாருக்கும் எளிதில் தோன்றக்கூடியதுதான்' என்று காப்புரிமை (பேட்டன்ட்) மறுக்கப்பட்டு, அது மேல்முறையீட்டுக்குப் போனதாகப் படிக்கும்போதெல்லாம் எனக்குத் தோல் பதனிடும் ஆலையான பல்லாவரம் டேனரிதான் நினைவுக்கு வரும். அங்கே 26 வருடம் கெமிஸ்டாக இருந்தேன்.

தோலைப் பதனிடச் சுழலும் ட்ரம்மில் போடும் குரோம் உப்பில் ஏறக்குறைய மூன்றில் இரண்டு பங்குதான் தோலில் ஏறும். மிச்சம் பச்சைத் தண்ணீராக வெளியே வந்துவிடும். அதில் முதலில் சுண்ணாம்பு போட்டுப் பார்த்தோம். ஜிப்சமும் சேர்ந்து படிந்து சேறு மலையாகக் குவிந்தது. அதிலிருந்து குரோமைத் திரும்ப எடுக்க வழியில்லை. காஸ்டிக் சோடா போட்டால் கூழ் மாதிரி நிற்கும், ஃபில்டர் பிரஸ் என்ற அழுத்தி வடிகட்டும் இயந்திரம் இல்லாமல் வடியாது. அப்புறம்தான் மக்னீசியம் ஆக்சைடுக்கு வந்தோம். அது மெல்லக் கரைவதால் காரத்தன்மையும் மெல்லத்தான் ஏறும். அதைக் காட்டும் பி.எச். அளவு எட்டைத் தாண்டியதும் கலக்குவதை நிறுத்திவிட்டுப் போனால், காலையில் குரோம் அடியில் கெட்டியாகப் படிந்திருக்கும். மேல்தண்ணீரை இறுத்துவிட்டு, படிந்ததைக் கந்தக அமிலத்தில் கரைத்துப் புதுக் குரோமோடு சேர்த்து மறுபடி ட்ரம்முக்கே அனுப்பிவிடலாம்.

'காரம் போட்டால் படியும், பள்ளிக்கூடப் பாடம்தானே' என்று இன்றைக்குச் சொல்லிவிடலாம். அன்றைக்கு எங்கள் மேஸ்திரி, "சார், சுண்ணாம்பு இருக்கும்போது காசைத் தண்ணியில கரைக்கிறீங்களா?" என்று சண்டைக்கே வந்துவிட்டார். தொழில் நன்றாகத் தெரிந்தவர் அவர். அவருக்கே தோன்றாததை எளிது என்று எப்படிச் சொல்வது?

சின்னச் சின்ன மாற்றத்துக்கெல்லாம் 20 வருட உரிமை கொடுத்தால் சிறு டேனரிகள் பிழைக்க முடியாது. பட்டறையில் வழக்கமாகச் செய்யும் மேம்பாடு மட்டும் காப்புரிமைக்குப் போதாது என்று பாத்திரம் செய்யும் முறை பற்றிய வழக்கில் உச்ச நீதிமன்றம் 1978-லேயே சொல்லிவிட்டது. அது சரிதான். ஆனால் 1970-ம் ஆண்டுக் காப்புரிமைச் சட்டம், அந்தத் தொழிலில் தேர்ந்தவருக்கு அது எளிதில் தோன்றுமா என்றுதான் கேட்கிறது. அதுவும் விடை தெரிந்த பிறகு அல்ல, விண்ணப்பித்த காலத்தில். முன்பே வெளியான பழைய ஆவணங்கள் இரண்டை மேஜைமேல் பக்கத்தில் பக்கத்தில் வைத்துப் பார்த்தால் எல்லாமே எளிதாகத்தான் தெரியும்.

சென்னையைத் தலைமையிடமாகக் கொண்டிருந்த அறிவுசார் சொத்து மேல்முறையீட்டு வாரியத்தில் தொழில்நுட்ப உறுப்பினர்கள் இருந்தார்கள். 2021-ல் வாரியமே கலைக்கப்பட்டது. கிண்டி காப்புரிமை அலுவலகத்தின் ஆணைகளை எதிர்த்து இப்போது உயர் நீதிமன்றத்துக்குத்தான் போக வேண்டும். நீதிமன்றம் தனியாக ஓர் அறிவியல் ஆலோசகரை அமர்த்திக்கொள்ளச் சட்டத்தின் 115-வது பிரிவு இடம் தருகிறது. ரசாயன மீட்பு வழக்குகளில் அந்தப் பிரிவைத் தயங்காமல் பயன்படுத்த வேண்டும். பேராசிரியர்களோடு, ட்ரம் பக்கத்தில் நின்று வேலை பார்த்த ஒருவரையும் கூப்பிட வேண்டும். பல்லாவரத்திலும் ராணிப்பேட்டையிலும் வாணியம்பாடியிலும் என்னைப் போல ஓய்வுபெற்ற கெமிஸ்டுகள் இருக்கிறார்கள். கூப்பிட்டால் வருவோம்.

இப்படிக்கு,
ஓய்வுபெற்ற டேனரி கெமிஸ்ட்,
குரோம்பேட்டை, சென்னை - 44