கனடா வரப்போற கயலுக்கு

கயல்,

மதுரைல வக்கீலா இருக்குற நீ கனடாலயும் வக்கீலாவே தொடர முடியுமான்னு கேட்ட வாய்ஸ் மெசேஜ் கேட்டேன். "அக்கா, அங்க வந்தா திரும்ப மூணு வருஷம் லா காலேஜ் போகணுமாமே, அதுக்கு பேசாம வேற வேலை பாத்துக்கோன்னு வீட்ல சொல்றாங்க"ன்னு இழுத்தியே, யார் கிளப்பிவிட்டதுன்னு தெரியல, ஆனா அப்படி எல்லாம் ஒன்னும் இல்ல. இதே கேள்விய இன்னும் பல பேர் கேக்குறதால உனக்கு எழுதுறத பொதுவுலயே போடுறேன், கோச்சுக்காத.

வெளிநாட்டு லா டிகிரிய எடை போட இங்க என்சிஏன்னு ஒரு கமிட்டி இருக்கு, கனடா லா சொசைட்டிகளோட (மாகாணத்துக்கு மாகாணம் வக்கீல் லைசன்ஸ் குடுக்குற அமைப்புங்க) ஃபெடரேஷன் நடத்துறது. உன் மார்க் ஷீட், என்ரோல்மென்ட் எல்லாம் பாத்துட்டு இன்னின்ன பேப்பர் எழுதுன்னு சொல்லுவாங்க. கான்ஸ்டிட்யூஷனல், அட்மினிஸ்ட்ரேட்டிவ், கிரிமினல், ஃபவுண்டேஷன்ஸ் (கனடா சட்டத்தோட அடிப்படை), ப்ரொஃபஷனல் ரெஸ்பான்ஸிபிலிட்டி (வக்கீல் தொழில் ஒழுங்கு), இந்த அஞ்சும் கனடா சட்டம்ங்கிறதால கட்டாயம், அதுக்கு மேல லீகல் ரிசர்ச், அப்புறம் உன் மார்க்கப் பொறுத்து இன்னும் சிலது சேரும். எக்ஸாம் ஆன்லைன்ல தான், மதுரைல உன் ரூம்ல உக்காந்தே எழுதலாம், அதனால விசா வரட்டும் பாத்துக்கலாம்னு இருக்காத, இப்பவே ஆரம்பி. முதல் வேலையா டிரான்ஸ்கிரிப்டுக்கு (யுனிவர்சிட்டி குடுக்குற முழு மார்க் விவரம்) அப்ளை பண்ணு, ஏன்னா அத யுனிவர்சிட்டியே நேரா அனுப்பணும், நீ ஸ்கேன் பண்ணி அனுப்புனா செல்லாது, நம்ம ஊர்ல ஒரு ஃபைல் ஒரு டேபிள்ல இருந்து அடுத்த டேபிளுக்குப் போக எவ்ளோ நாளாகும்னு உனக்கே தெரியும்.

பாடம் உனக்கு அவ்ளோ புதுசா இருக்காது. நம்ம கான்ஸ்டிட்யூஷன்ல எந்தப் பட்டியல்லயும் வராத மிச்ச அதிகாரம் மத்திய அரசுக்குன்னு இருக்கே, அது கனடாவப் பாத்து வச்சது தானே. இங்க கான்ஸ்டிட்யூஷன்ல 91, 92ன்னு ரெண்டு செக்‌ஷன், ஃபெடரலுக்கு ஒன்னு மாகாணத்துக்கு ஒன்னு, யாருக்கு அதிகாரம்னு சண்டை வந்தா பித் அண்ட் சப்ஸ்டன்ஸ், அதாவது அந்தச் சட்டத்தோட உண்மையான சாரம் என்னன்னு பாக்குறது, நீ ஹைகோர்ட் மதுரை பெஞ்சுல கேட்டு கேட்டு புளிச்சுப்போன அதே ஆர்க்யுமென்ட். அரசு ஒரு உரிமைய கட்டுப்படுத்துறது நியாயமான அளவுலதானான்னு பாக்குற, 1986ல இங்க வந்த ஓக்ஸ் கேஸ் டெஸ்ட்ட நம்ம சுப்ரீம் கோர்ட்டே 2016ல மாடர்ன் டென்டல் காலேஜ் தீர்ப்புல எடுத்துப் பேசியிருக்கு. சுரேஷ் கேஸ்னு ஒன்னு படிப்ப, 2002, இலங்கைத் தமிழர் ஒருத்தர், புலிகளுக்குப் பணம் சேத்தார்னு சொல்லி திருப்பி அனுப்பப் பாத்தாங்க, சித்திரவதை நடக்கக்கூடிய இடத்துக்கு அனுப்புறது பொதுவா சார்ட்டரோட (இங்க உள்ள அடிப்படை உரிமை சாசனம்) 7வது செக்‌ஷனுக்கு எதிரானதுன்னு இங்க உள்ள சுப்ரீம் கோர்ட் சொல்லுச்சு (விதிவிலக்கான சூழ்நிலைன்னு ஒரு கதவ மட்டும் சாத்தாம விட்டுட்டாங்க, அது எனக்கு இன்னும் பிடிக்கல). சிலபஸ்ல நம்ம பேர் ஒன்ன பாக்கும்போது வேற மாதிரி இருக்கும்.

நம்ம ஆளுங்க அடி வாங்குறது பாடத்துல இல்ல, எழுதுற விதத்துல. நம்ம காலேஜ்ல ஒரு தலைப்பு குடுத்தா தெரிஞ்சதெல்லாம் எழுதி அடிஷனல் ஷீட் வாங்கி கட்டுவோம்ல, இங்க அப்படி எழுதுனா ஃபெயில் தான். கேள்வியில ஒரு கதை இருக்கும், ஒரு ஊர் முனிசிபாலிட்டி ஒருத்தனோட லைசன்ஸ கேன்சல் பண்ணிருச்சு, காரணம் எழுதல, அவன் தரப்ப கேக்கல, இப்ப நீ அவனுக்கு என்ன அட்வைஸ் சொல்லுவ? உடனே நேச்சுரல் ஜஸ்டிஸோட (முடிவெடுக்குறதுக்கு முன்னாடி அவன் தரப்ப கேக்கணும்ங்கிற நியாயம்) வரலாறு எழுதாத. பிரச்சனை என்ன, அதிகாரிங்க நியாயமா நடந்துக்குறத பத்தி 1999 பேக்கர் கேஸ் என்ன சொல்லுது, இவனுக்கு அது எப்படிப் பொருந்துது, காரணமே எழுதாததுக்கு அரசு முடிவுகள கோர்ட் எப்படி ஆராயணும்னு சொன்ன 2019 வாவிலோவ் தீர்ப்புப்படி கோர்ட் என்ன செய்யும், முடிவு, அவ்ளோதான். புக் பாத்து எழுதலாம்னு மெத்தனமா இருக்காத, புரட்டி புரட்டி தேடிட்டு இருந்தா டைம் போயிரும்.

என்சிஏ முடிஞ்சா அடுத்தது ஒன்டாரியோ மாகாணத்துல லைசன்ஸ் குடுக்குற லா சொசைட்டி. பாரிஸ்டர் (கோர்ட் வேலை) ஒன்னு சொலிசிட்டர் (கோர்ட்டுக்கு வெளிய, ஆவண வேலை) ஒன்னுன்னு ரெண்டு எக்ஸாம், ரெண்டும் அப்ஜெக்டிவ், கட்டு கட்டா பிரிண்ட் எடுத்து இன்டெக்ஸ் போட்டு தூக்கிட்டுப் போவாங்க, அத பாத்து மிரண்டுறாத.

உண்மையான மலை ஆர்ட்டிக்ளிங். ஒரு லாயர்கிட்ட குறைஞ்சது எட்டு மாசம் டிரெயினிங், அந்த இடம் கிடைக்கிறது தான் குதிரைக் கொம்பு. "கனடியன் எக்ஸ்பீரியன்ஸ் இருக்கா"ம்பாங்க, அது வேலை குடுத்தா தானேய்யா வரும்னு கத்தணும் போல இருக்கும், கத்தாத. நீ மேலூர் மாஜிஸ்ட்ரேட் கோர்ட்ல சாட்சிகள கிராஸ் பண்ண ஆளு, சீனியர் வராத அன்னைக்கு ஒத்தையா நின்னு பெயில் வாங்குனவ. இங்க ஆர்ட்டிக்ளிங்குக்கு வர்ற பசங்கள்ல பாதி பேர் ஒரு சாட்சியக் கூட விசாரிச்சிருக்க மாட்டாங்க. ஆனா உன் ரெஸ்யூமேல "ப்ராக்டிஸ்ட் பிஃபோர் மதுரை பெஞ்ச்"னு ஒத்த வரில முடிச்சிருக்க. எத்தன டிரையல், எந்த மாதிரி கேஸ், நீயே டிராஃப்ட் பண்ணது என்னன்னு உடைச்சு எழுது. இந்தியா மாதிரி காமன் லா (பிரிட்டிஷ் வழி சட்ட முறை) நாட்டுல ப்ராக்டிஸ் பண்ணவங்களுக்கு ஆர்ட்டிக்ளிங்ல இருந்து விலக்கு கேக்கவும் வழி இருக்கு, அதுக்கும் இந்த விவரமெல்லாம் வேணும், உன் சீனியர்கிட்ட லெட்டர் இப்பவே வாங்கி வை.

இடமே கிடைக்கலன்னா ஆர்ட்டிக்ளிங்குக்குப் பதிலா எல்பிபின்னு ஒரு டிரெயினிங் இருக்கு, நாலு மாசம் கிளாஸ் நாலு மாசம் வேலை, 2014ல இருந்து நடக்குது. அது செகண்ட் கிளாஸ்னு சிலர் மூஞ்சிய சுளிப்பாங்க, லைசன்ஸ்ல அதெல்லாம் எழுதிருக்காது.

ஆண்ட்ரூஸ் கேஸ் படிச்சிரு, 1989. ஆக்ஸ்ஃபோர்டுல சட்டம் படிச்ச பிரிட்டிஷ்காரர், எல்லா தகுதியும் இருந்தும் குடியுரிமை இல்லன்னு பிரிட்டிஷ் கொலம்பியால வக்கீலா சேத்துக்கல, சுப்ரீம் கோர்ட் வரை போய் ஜெயிச்சார். குடியுரிமை இல்லாம வெறும் பிஆர் கார்டோட (நிரந்தரமா தங்குற அனுமதி) நீ இங்க கவுன் மாட்ட முடியுதுன்னா அந்த மனுஷனும் ஒரு காரணம். இங்க சமத்துவ உரிமைக்கு அடிப்படைத் தீர்ப்பே ஒரு வெளிநாட்டு வக்கீல் போட்ட கேஸ் தான்னு உங்க வீட்லயும் சொல்லு.

பார் கவுன்சில்ல, நீ ஒழுங்கா பதிவுல இருக்குற வக்கீல்னு காட்டுற குட் ஸ்டாண்டிங் சர்டிஃபிகேட்டும் கையோட கேட்டுரு. டிரான்ஸ்கிரிப்ட் ஃபீஸ் கட்டுன ரசீத வாட்ஸ்அப்ல போடு, என்கிட்ட இருக்குற நோட்ஸ அன்னைக்கு அனுப்புறேன், அதுக்கு முன்னாடி கேக்காத.

அக்கா