சுற்றுச்சுவரோடு இதையும் பேசலாமே

ஆசிரியருக்கு,

அரசு மேல்நிலைப் பள்ளி ஒன்றின் மேலாண்மைக் குழுவில் பெற்றோர் உறுப்பினராக இருக்கிறேன். தையல் தொழில் செய்கிறேன். கூட்டத்தில் சுற்றுச்சுவர், குடிநீர்த் தொட்டி எல்லாம் வரும். என் அக்கா பிள்ளையைப் போன்றவர்களைப் பற்றிப் பேச்சே வராது. அவள் திருநங்கை. ஆண்கள் கழிப்பறைக்குப் போகப் பயந்து மாலைவரை தண்ணீர் குடிக்க மாட்டாள். "முடியை வெட்டிட்டு வா" என்பதுதான் அவள் படித்த பள்ளி சொன்ன ஒரே யோசனை. பத்தாம் வகுப்போடு நின்றுவிட்டாள்.

2021 ஜூன் 7 அன்று சென்னை உயர் நீதிமன்ற நீதிபதி ஆனந்த் வெங்கடேஷ் பிறப்பித்த உத்தரவைப் படித்துப் பாருங்கள். பாலினப் பாகுபாடற்ற கழிப்பறை, சான்றிதழில் பெயரும் பாலினமும் மாற்றிக்கொள்ள வசதி, இப்பிள்ளைகளைப் புரிந்துகொள்ளும் ஆலோசகர் எல்லாம் அதில் உண்டு. பெற்றோர் ஆசிரியர் கழகம் மூலம் பெற்றோருக்கு விளக்கவும் சொல்கிறது. எனக்கு அதுதான் முக்கியம். அக்காவிடம் யாராவது ஒரு டீச்சர் உட்கார்ந்து பேசியிருந்தால், அவள் பிள்ளையைக் கோடாங்கியிடம் கூட்டிக்கொண்டு அலைந்திருக்க மாட்டாள். தன்பாலீர்ப்புள்ள பிள்ளைகளின் வீட்டிலும் இதே அலைச்சல்தான். வெளியே சொல்வதில்லை, அவ்வளவே.

பள்ளிக் கல்வித் துறை இதை மேலாண்மைக் குழுவின் கூட்டப்பொருளில் சேர்த்துச் சுற்றறிக்கை அனுப்ப வேண்டும். தலைமை ஆசிரியரிடம் நான் வாய்மொழியாகக் கேட்டால், "மேலிருந்து வரட்டும்மா" என்கிறார்.

பெயர் வெளியிட விரும்பாத வாசகி,
விருதுநகர் மாவட்டம்.